பச்சைக் கட்டம்

அம்பத்தூர் எஸ்டேட்டில் எங்கள் அலுவலகம். அங்குள்ள கணினிகள் படுத்துவிடாமல் பார்த்துக்கொள்வது எங்கள் மூன்று பேரின் வேலை. பேக்கப் ஓடியதா என்று பார்க்க வேண்டும், பாஸ்வேர்டை மறந்தவர்களுக்கு மாற்றித் தர வேண்டும், நிரம்பிய சர்வரைக் காலி செய்ய வேண்டும். ஒழுங்காக நடந்தால் யார் கண்ணிலும் படாது. தவறினால் வசவு.

அதனால்தான் புது மேனேஜர் சொன்னபோது எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "இனிமே டைம்ஷீட்ல தினப்படி ரொட்டீன் வேலைய பச்சைக் கட்டத்துல எழுதுங்க, ப்ராஜெக்ட் வேலைய நீலத்துல. நீங்க எவ்ளோ சுமக்கிறீங்கன்னு மேல தெரியட்டும்." கேப்பையில் நெய் வடிகிறது என்றார், நானும் நம்பினேன்.

பச்சை நிரம்பி வழிந்தால் இன்னொரு ஆள் கொடுப்பார்கள் என்பது என் நினைப்பு. நீலத்தில் போக வேண்டியதைக்கூடப் பச்சையில் தள்ளினேன். எதை எப்படிச் செய்வது என்றும் விளக்கி எழுதினேன். எங்களில் மூத்தவரான ஆவடிக்காரர் எட்டிப் பார்த்தார்.

"இன்னாத்துக்குமா எல்லாத்தியும் புட்டு புட்டு வெச்சிகினு கீற?"

"ஆள் கேக்கத்தாண்ணே."

"கேளு, கேளு. வரும்," என்றார். அவர் சிரிக்கவில்லை.

வந்தது. வெளி கம்பெனியிலிருந்து ஒரு பெண். மரியாதையான பெண். "இன்னொரு வாட்டி செஞ்சு காட்டுங்கக்கா" என்று கேட்டு, என் திரையில் நடந்ததையெல்லாம் பதிவு செய்துகொண்டாள். ஜெயித்துவிட்டேன் என்று திருவேற்காடு அம்மனுக்கு மாலை சாத்திவிட்டு வந்து, பிரசாதத்தில் அவளுக்கும் பங்கு கொடுத்தேன்.

ஒரு மதியம் சாப்பிடும்போது அவளே சொன்னாள். "அடுத்த மாசத்துலேர்ந்து இந்தப் பச்சை மொத்தமும் எங்க டீமுக்கு வருதுக்கா. நீங்க எழுதினத வெச்சுதான் எங்களுக்கு ட்ரெயினிங்கே." சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு மேனேஜரிடம் ஓடினேன். "பயப்படாதீங்க. இனிமே நீங்க ப்ராஜெக்ட்ட மட்டும் பாக்கலாம்," என்றார். அவர் பயப்படாதீர்கள் என்ற பிறகுதான் எனக்குப் பயம் வந்தது.

அடுத்த மாதம் டைம்ஷீட்டைத் திறந்தபோது பச்சைக் கட்டமே இல்லை. ஆவடிக்காரரின் நீலத்தில் 'பேக்கப் ப்ராஜெக்ட்', 'பாஸ்வேர்டு ப்ராஜெக்ட்' என்று வரிசையாக இருந்தது. மனிதர் ஆரம்பத்திலிருந்தே அப்படித்தான் எழுதி வந்திருக்கிறார். என் பெயருக்கு நேரே எதுவும் எழுதாத நீலக் கட்டம்.

சாயங்காலம் மேனேஜரிடமிருந்து செய்தி வந்தது. 'உங்க கட்டம் காலியா இருக்கே. நாளைக்கு எச்.ஆர். வர்றாங்க, கொஞ்சம் பேசலாம்.'