அக்னி மூலையில் ஒரு பிரிண்டர்

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் இரும்பு வார்ப்புகள் செய்யும் ஆலை ஒன்றில் நான் நிர்வாக மேலாளராக இருந்தேன். இயற்பியல் பட்டதாரி. அலுவலகத்தின் விண்டோஸ் எக்ஸ்பி கணினியில் மாட்டிய பிரிண்டரில், ஸ்டோரிலிருந்த பழைய விண்டோஸ் 98 கணினியும் அச்செடுக்க வழிசெய்தவன் நானே. இவற்றை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பின்னர் நடந்ததைப் பலரும் அவரவர் விருப்பம்போல் சொல்லித் திரிகிறார்கள்.

விண்டோஸ் விஸ்டா வந்த புதிதில், பில் போடுவதற்கென்று முதலாளி அது உள்ள ஒரு புதிய கணினி வாங்கினார். கூடவே பிரிண்டரும் வாங்கட்டுமா என்றார்.

"வேண்டாம் சார். இருக்கறதே எல்லாத்துக்கும் போதும். நான் பொறுப்பு" என்றேன். அலுவலகம் முழுவதும் கேட்டுக்கொண்டிருந்தது.

ஆயுத பூஜையன்று அந்த டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டருக்கும் சந்தனம், குங்குமம், சாமந்திச் சரம். மறுநாள் விஜயதசமி. நெல்லூருக்குப் போகும் லாரி சரக்கேற்றி நின்றது. பில் இல்லாமல் ஆந்திர எல்லைச் சோதனைச்சாவடியைத் தாண்ட முடியாது.

புதிய கணினியில் பிரிண்டரின் பெயர் தெரிந்தது. இணைத்தபோது, பொருத்தமான டிரைவர் இல்லை என்றது. கணினி சொல்வதைப் பிரிண்டருக்குப் புரியவைக்கும் மென்பொருள் அது. எக்ஸ்பிக்கு ஒன்று இருந்தது. 98-க்கு ஒன்றை நானே சேர்த்திருந்தேன். விஸ்டாவுக்கு எதுவும் இல்லை.

"பிரிண்டரையே தூக்கிப் புது டேபிள்ல வெச்சுட்டா?" என்றார் முதலாளி.

புதுவாயலிலிருந்து வரும் ஸ்டோர் கீப்பர் பதறினார். "அய்யோ, அத்த நகத்தாதீங்க மொதலாளி! வாஸ்துக்காரர் அக்னி மூலைன்னு சொல்லித்தானே அங்க வெச்சோம்? எடத்த மாத்தினா வருஷம் பூரா பேஜாரு."

முதலாளி நீட்டிய கையை இழுத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "நீங்க பொறுப்புன்னு சொன்னீங்க..."

வாக்கியத்தை அவர் முடிக்கவில்லை. முடித்திருந்தால் எனக்கு அவ்வளவு உறைத்திருக்காது.

பட்டியலில் ஏறத்தாழ ஒத்த பெயருடைய டிரைவர் ஒன்றைச் சோதனைக்காகத் தேர்ந்தெடுத்தேன். பிரிண்டர் கரகரவென்று கிளம்பி, கேள்விக்குறிகளையும் கட்டங்களையும் ஒரு முழம் நீளத்துக்கு அடித்துத் தள்ளியது. லாரி ஓட்டுநர் அதை எட்டிப் பார்த்தார். தடாப் பக்கத்துக்காரர்.

"இன்னா நைனா இது, பில்லா ஜாதகமா?" என்று ஸ்டோர் கீப்பரைக் கேட்டார். "செக்போஸ்ட்ல இத்த காட்டினா என்னையும் லாரியையும் சேத்து உள்ள வெச்சுப்பான்."

"நல்ல நாளும் அதுவுமா மொத தாளே இப்டி ஆயிடுச்சே! திருஷ்டிதான்" என்று ஸ்டோர் கீப்பர் கற்பூரத் தட்டை எடுத்துவர ஓடினார்.

"அப்ப நான் நாஷ்டா துன்னுட்டு வந்துடறேன். சாமி மெதுவாத்தான் வரும்" என்றார் ஓட்டுநர்.

"நில்லுங்க" என்றேன்.

எங்கள் மாடலின் பெயர் விஸ்டாவின் பட்டியலில் இல்லை. ஆனால் அதே நிறுவனத்தின், எங்களுடையதைப் போல் இருபத்துநான்கு ஊசிகளால் அடிக்கும் பிரிண்டர்கள் பெரும்பாலும் ஒரே கட்டளைகளுக்குப் பணிபவை. அவற்றில் பழைய மாடல் ஒன்று பட்டியலில் இருந்தது. அச்சுக்கு அனுப்பும் வழியாகப் புதிய கணினியில் போர்ட் ஒன்றை உருவாக்கி, எக்ஸ்பி கணினியின் பெயரையும் பிரிண்டரின் பகிர்வுப் பெயரையும் அதில் தட்டச்சு செய்து, அந்தப் பழைய மாடலின் டிரைவரை அதனுடன் சேர்த்தேன். ஸ்டோர் கீப்பர் பிரிண்டருக்கு முன்னால் நின்று தீக்குச்சி கிழித்துக்கொண்டிருந்தார். நான் அச்சுக்கு அனுப்பினேன்.

பில் வந்தது. கார்பன் பிரதிகளுடன், ஓர் எழுத்து பிசகாமல்.

ஓட்டுநர் தட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, பில்லை வாங்கிச் சட்டைப் பைக்குள் செருகினார். "நல்ல வேளை, கற்பூரம் காட்டினே" என்று முதலாளி ஸ்டோர் கீப்பரின் தோளில் தட்டினார். பகிர்ந்துகொண்ட அந்தப் பிரிண்டரே அதன்பின் எல்லா பில்களையும் அடித்தது. புதிது வாங்கும் பேச்சே எழவில்லை.

அந்தப் பிரிண்டர் கற்பூரத்துக்குக் கட்டுப்பட்டது என்று புதுவாயல் டீக்கடைகளில் இன்றும் சொல்கிறார்கள். தவறு. மின்விசிறிக் காற்றில் தீக்குச்சிகள் அணைந்துகொண்டே இருந்தன. பில் பாதி அடித்த பிறகுதான் கற்பூரம் பற்றியது.