ரிவர்ஸ் தேவயானி

தேவயானியிடம் பேசி நல்ல பேரோடு திரும்பி வந்தவர் எங்கள் ஊரில் யாரும் கிடையாது. உத்திரமேரூர் பேருந்து நிலையத்துக்கு எதிரே, மூடிக் கிடக்கும் அரிசி ஆலையின் சுவரோரம் தன் வெள்ளைக் காரை நிறுத்தியிருப்பாள். வாடகைக்குக் கேட்டு யார் போனாலும் முதல் கேள்வி, "எத்தினி பேரு? வாந்தி எடுக்குற ஆளு யாராவது கீறாங்களா?" என்பதுதான். பேரம் பேசினால் கண்ணாடியை ஏற்றிவிட்டு வேறு பக்கம் பார்ப்பாள். முப்பத்தாறு வயது. காவாந்தண்டலம் காலனிக்காரி.

நான் உரக்கடை வைத்திருக்கும் புருஷோத்தமன். எனக்கும் அவளைப் பிடிக்காது. இப்போதும் பிடிக்கும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஜவ்வாது மலையில் அன்று நடந்ததைக் கிட்டே இருந்து பார்த்தவன் நான்தான். அதற்குப் பிறகு நான் செய்த காரியமும் ஒன்று இருக்கிறது.

அவள் புருஷன் சின்னராசு கல்குவாரியில் டிப்பர் ஓட்டினான். அவள் அதே குவாரியில் ஜல்லி அள்ளினாள். ஒரு நாள் அவன் ஓசூர் பக்கம் வேறொருத்தியோடு போய்விட்டான். அடுத்த மாதமே இவள் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தாள். "அவன் ஓட்டுனத விட நல்லா ஓட்டணும்னு ஆத்திரம். வேற ஒண்ணும் இல்ல" என்று அவளே என்னிடம் சொல்லியிருக்கிறாள். கற்றுக்கொடுத்த ஆள் சமதரையோடு நிறுத்திக்கொண்டான். மேட்டில் நின்ற வண்டியை எப்படிக் கிளப்புவது என்று இவள் கேட்டதற்கு, "நம்ம ஊர்ல ஏதும்மா மேடு? ஏரிக்கரை ஒண்ணுதான்" என்று சிரித்தானாம்.

மேடு செங்கல்பட்டுப் பக்கம் இருந்தது. பழைய கார் ஒன்றை வாங்கி, முதல் வாடகைக்குப் போன அன்றே, ரயில்வே மேம்பாலத்தின் சரிவில் நெரிசலில் நிற்க வேண்டி வந்தது. கிளட்சை விட்டாள், இஞ்சின் அணைந்தது, வண்டி பின்னால் உருண்டு ஒரு ஷேர் ஆட்டோவில் போய் முட்டியது. ஆட்டோக்காரன் அவள் மணிக்கட்டைப் பிடித்து வெளியே இழுத்தான். "வூட்ல சோறாக்கிக்கினு கெடக்காம இவளுக்கெல்லாம் இன்னாத்துக்கு ஸ்டேரிங்கு?" என்று கத்தினான். கூடிய கூட்டத்தில் யாரோ கைப்பேசியில் அதைப் படம் பிடித்தார்கள். சாயங்காலத்துக்குள் வீடியோ எங்கள் ஊர் டாக்சி ஸ்டாண்டுக்கு வந்துவிட்டது. அன்றிலிருந்து அவளுக்கு 'ரிவர்ஸ்' என்று பேர்.

பேர் வைத்தவர் முனிரத்தினம். ஸ்டாண்டின் தலைவர், இருபத்தெட்டு வருடமாக வண்டி ஓட்டுகிறவர். "அவ கார்ல ஏறுனா போற ஊருக்குப் போவ மாட்டீங்க, பொறப்பட்ட ஊருக்கே வந்துடுவீங்க" என்பார். நானும் அதைக் கேட்டுச் சிரித்திருக்கிறேன்.

ஸ்டாண்டில் இடம் கேட்டுப் போனாள். இடமில்லை என்றார்கள். இரண்டு மாதம் கழித்து வினோத்குமார் என்ற புதுப் பையனைச் சேர்த்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகுதான் அவள் சாலையைத் தாண்டி அரிசி ஆலைச் சுவருக்குப் போனாள். அங்கேயும் இரண்டு முறை காலையில் நான்கு டயரிலும் காற்று இல்லாமல் இருந்தது. இரண்டாவது முறை அவள் ஸ்டாண்டின் நடுவே போய் நின்று, "எவன் புடுங்குனான்னு எனக்குத் தெரியும். இன்னொரு வாட்டி கைய வெச்சா காத்து டயர்ல போவாது" என்று சொல்லிவிட்டு வந்தாள். மூன்றாவது முறை நடக்கவில்லை.

ஆனால் அந்தப் பட்டப்பெயர் அவளை அரித்தது. அவள் முன்பு வேலை செய்த குவாரி அப்போது கைவிடப்பட்டுக் கிடந்தது. டிப்பர் ஏறி இறங்கிய சரிவு மட்டும் அப்படியே இருந்தது. தினமும் விடிந்ததும் அங்கே காரைக் கொண்டுபோனாள். சரிவின் பாதியில் நிறுத்தி, பின் டயருக்கு ஒட்டினாற்போல் காலித் தண்ணீர் பாட்டில் ஒன்றை வைப்பாள். ஹேண்ட் பிரேக்கை இழுத்துப் போட்டு, முதல் கியரில் கிளட்சைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவாள். ஓரிடத்தில் இஞ்சின் சத்தம் அடங்கும். வண்டியின் மூக்கு லேசாக எழும்பும். அந்த இடத்திலேயே காலை நிறுத்திக்கொண்டு, ஆக்சிலேட்டரை அழுத்தி, ஹேண்ட் பிரேக்கை இறக்க வேண்டும். பாட்டில் நசுங்கும் சத்தம் கேட்டால் தோற்றாள். ஆடு மேய்க்க வந்தவர்கள் நின்று வேடிக்கை பார்த்துச் சிரித்தார்கள். அவர்கள் மேல் கல்லை விட்டெறிந்துவிட்டு மறுபடி ஏறி உட்கார்ந்தாள்.

பாட்டில் நசுங்காத நாள் வந்ததும் நிறுத்தவில்லை. ஹேண்ட் பிரேக் இல்லாத வண்டி கைக்கு வந்தால்? வலது காலின் விரல்களை பிரேக்கிலும் குதிகாலை ஆக்சிலேட்டரிலும் வைத்து, ஒரே பாதத்தால் இரண்டையும் ஆளப் பழகினாள். அதற்கு இன்னும் ஒரு மாதம் ஆனது.

போன ஆவணியில் என் அக்கா சுலோச்சனாவின் பேத்திக்கு மொட்டையடித்துக் காது குத்த வேண்டும் என்று, ஜவ்வாது மலையில் இருக்கும் எங்கள் குலதெய்வக் கோயிலுக்குப் புறப்பட்டோம். மூன்று வண்டி வேண்டும். முனிரத்தினமும் வினோத்குமாரும் வருவதாகச் சொன்னார்கள். முகூர்த்த நாள் என்பதால் ஸ்டாண்டில் வேறு வண்டி இல்லை. நான் தேவயானியைக் கூப்பிட்டேன். முனிரத்தினம் முகத்தைச் சுளித்தார்.

"அவ வந்தா நான் வரல."

"அப்ப மூணாவது வண்டிய நீயே செஞ்சி எடுத்துக்கினு வா" என்றாள் அக்கா.

கடைசியில் ஒரு நிபந்தனையோடு ஒத்துக்கொண்டார். "அவ எனக்குப் பின்னாடிதான் வரணும். முன்னாடி விட்டா என் மேலயே உருண்டு வந்துடுவா."

அவள் காரில் ஏற யாருக்கும் மனமில்லை. நானும் இரண்டு சமையல்காரர்களும் அண்டா குண்டாக்களும் ஏறினோம்; அக்காவும் பேத்தியும் முனிரத்தினத்தின் பெரிய வண்டியில் ஏறினார்கள். போளூரில் டீ குடிக்க நிறுத்தியபோது முனிரத்தினம் எல்லாருக்கும் கேட்கும்படி, "ரிவர்ஸுக்கு ஒரு டீ போடுப்பா" என்றார். தேவயானி தன் டீயைக் குடித்து முடித்துக் கிளாஸை அவர் முன்னால் வைத்தாள். "இன்னொரு வாட்டி சொன்னா இது உன் வாய்க்குள்ள போவும்" என்றாள்.

பெரிய மலைப்பாதை வரை தொந்தரவு இல்லை. கோயிலுக்குப் பிரியும் கடைசி இரண்டு கிலோமீட்டர்தான் மோசம். வளைத்து வளைத்துப் போடாமல், ஒன்றிரண்டு வளைவோடு நேராக மேலே தூக்கிப் போட்ட சிமென்ட் சாலை. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். வினோத்குமார் ஒரே மூச்சில் ஏறிப் போய்விட்டான். பாதி வழியில் எதிரே சீத்தாப்பழம் ஏற்றிய மினி லாரி இறங்கி வந்தது. முனிரத்தினம் பாறையோரம் ஒதுங்கி நின்றார். தேவயானி இரண்டு வண்டி நீளம் விட்டுப் பின்னால் நின்றாள். லாரி எங்களை உரசுவதுபோல் கடந்து இறங்கியது.

முனிரத்தினத்தின் வண்டி ஒரு குலுங்கு குலுங்கியது. அணைந்தது. பின்னால் வரத் தொடங்கியது.

"யோவ், பிரேக்க மிதிய்யா! மிதி!" என்று தேவயானி ஹாரனை அழுத்திக்கொண்டே கத்தினாள். எங்களுக்குப் பின்னால் பத்தடியில் வளைவு, வளைவுக்கு அப்பால் வெறும் காற்று. ஹேண்ட் பிரேக்கை இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்தாள். பெரிய வண்டியின் பின்புறம் எங்கள் முகப்பில் மோதியது. ஒரு விளக்கு உடைந்து கொட்டியது. எங்கள் கார் ஒரு சாண் பின்னால் நகர்ந்து நின்றது. இப்போது இரண்டு வண்டியையும் அவள் கார்தான் தாங்கிக்கொண்டிருந்தது. முன் வண்டியிலிருந்து அக்காவும் குழந்தையும் மற்றவர்களும் போட்ட கூச்சல் பாறையில் பட்டுத் திரும்பி வந்தது.

"யோவ் உரக்கட! எறங்கி என் டயருக்குக் கல்லு வைய்யா! இன்னா பாத்துக்கினு கீற?"

என்னை அதுவரை யாரும் யோவ் என்று கூப்பிட்டதில்லை, அதுவும் காலனியிலிருந்து. கோபம் வந்தது. இறங்கிக் கல்லும் வைத்தேன். சமையல்காரர்கள் இன்னும் பெரிய கற்களை உருட்டி வந்தார்கள். அவர்களில் ஒருவர் முன் வண்டியை நோக்கிப் போனபோது தேவயானி தடுத்தாள். "அந்த ஆளு கால நம்பி எவனும் அந்த டயருக்குப் பின்னாடி கைய வெக்காத!"

அக்கா வீட்டார் எல்லாரும் இறங்கிவிட்டார்கள். முனிரத்தினம் இறங்கவில்லை. மறுபடி கிளப்பினார். இஞ்சின் அலறியது, கிளட்ச் கருகும் நாற்றம் வந்தது, வண்டி ஓரடி முன்னேறி மீண்டும் எங்கள் மேல் விழுந்தது. கற்கள் நறநறத்தன. இன்னொரு முறை. அதே சத்தம். சக்கரத்தின் அடியிலிருந்து புகை கிளம்பியது.

தேவயானி காரைக் கியரில் போட்டு அணைத்துவிட்டு இறங்கி அவர் ஜன்னலுக்குப் போனாள்.

"ஹேண்ட் பிரேக்கு போடு."

அவர் மறுபடி சாவியைத் திருகினார்.

"போடுன்றேன்."

"அது புடிக்காது."

"எத்தினி வருசமா?"

"ஒன் வேலயப் பாத்துக்கினு போடி. பாலத்துல பின்னால உருண்டவ எனக்குச் சொல்லித் தர்ரியா?"

இருபத்தெட்டு வருடம் சமதரையில் ஓட்டியவருக்கு அது தேவைப்படவே இல்லை. வண்டியை நிறுத்தினால் கியரில் போட்டுவிட்டுப் போய்விடுவார். நான் அதைத் தினமும் பார்த்திருக்கிறேன், எதுவும் தோன்றியதில்லை.

அக்கா பேத்தியை இடுப்பில் இறுக்கிக்கொண்டு வந்தாள். "எறங்குய்யா முனிரத்தினம். எங்க கொயந்தய வெச்சிக்கினு வெளாடுறியா? எறங்கு!"

அவர் இறங்கினார். தேவயானி அந்த வண்டியில் ஏறினாள்; உடனே கிளப்பவில்லை. கிளட்ச் ஆற வேண்டும் என்று கதவைத் திறந்துவைத்து உட்கார்ந்திருந்தாள். அந்தக் கால் மணி நேரமும் முனிரத்தினம் அவள் ஊரையும் பிறப்பையும் சேர்த்துத் திட்டினார். எங்களில் ஒருவர்கூட அவர் வாயை அடக்கவில்லை. அவள் முன்கண்ணாடி வழியாக மேலேயே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு கதவைச் சாத்தினாள். செருப்பைக் கழற்றி ஓரம் தள்ளினாள். இஞ்சின் சத்தம் எழுந்தது, ஓரிடத்தில் அடங்கியது. பெரிய வண்டியின் முன்புறம் லேசாகத் தூக்கியது. எங்கள் காரின் மேலிருந்து அதன் கனம் விலகுவதை நான் கண்ணால் பார்த்தேன். விரல் அகலம்கூடப் பின்னால் வரவில்லை. அப்படியே ஏறி, மேலே போய்ச் சமதரையில் நின்றது.

வெறுங்காலோடு இறங்கி நடந்து வந்தாள். தன் காரில் உட்கார்ந்து, "கல்ல ஓரமாப் போட்டுட்டு ஏறு, பின்னாடி வர்றவன் மேல ஏத்தப் போறான்" என்றாள். வழியில் முனிரத்தினம் மூச்சு வாங்க நடந்துகொண்டிருந்தார்.

"ஏத்திக்கலாமே" என்றேன்.

"நடக்கட்டும்" என்றாள்.

கோயிலில் அவர் சாப்பிடவில்லை. திரும்பும்போது அக்கா அவர் வண்டியில் ஏற மறுத்துவிட்டாள். எல்லாரும் மற்ற இரண்டு காரில் நெருக்கியடித்து இறங்கினோம். அவர் காலி வண்டியை முதல் கியரில் உருட்டிக்கொண்டு வந்தார்.

மூன்றாம் நாள் ஸ்டாண்டுக்காரர்கள் சேர்ந்து போலீசில் புகார் கொடுத்தார்கள். மலையில் தேவயானி வேண்டுமென்றே பின்னாலிருந்து முட்டினாள் என்று. விசாரணைக்கு முந்தின நாள் சாயங்காலம் முனிரத்தினம் என் கடைக்கு வந்தார். "அண்ணே, நீங்க பொய் சொல்ல வேணாம். சரியாப் பாக்கலன்னு சொன்னாப் போதும். இருவது வருசப் பயக்கம்."

ஸ்டேஷனில் எஸ்.ஐ. என்னைக் கேட்டார். "பின்னாடி உட்கார்ந்திருந்தேன் சார், சரியா கவனிக்கல" என்றேன். கல் வைத்த கை இது.

தேவயானி என்னைப் பார்த்தாள். அக்காதான் நாற்காலியிலிருந்து எழுந்தாள். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள், ஹேண்ட் பிரேக் உட்பட. பிறகு என் பக்கம் திரும்பினாள். "நீயெல்லாம் எனக்குக் கூடப் பொறந்தவனா? அவ வண்டியத் தாங்கிப் புடிக்கலன்னா என் பேத்தி இன்னிக்கி இல்லடா." எஸ்.ஐ. முனிரத்தினத்தின் வண்டியை வெளியே நிறுத்தி ஹேண்ட் பிரேக்கைத் தானே இழுத்துப் பார்த்தார். செத்த பாம்புபோல் வந்தது. புகாரைத் திரும்ப வாங்கிக்கொண்டு போகச் சொன்னார்.

எதுவும் சரியாகவில்லை. அக்கா என்னோடு சங்கராந்தி வரை பேசவில்லை. ஸ்டாண்டில் தேவயானிக்கு இடம் கொடுக்கவில்லை; அவளும் பிறகு கேட்கவில்லை. அவள் கார் கடந்து போகும்போது முனிரத்தினம் காறித் துப்புகிறார். அவள் அந்த இடத்தில் மட்டும் ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டு போகிறாள். ஆனால் இந்தப் பக்கத்திலிருந்து மலைக்குப் போகிற குடும்பங்கள் இப்போது அரிசி ஆலைச் சுவரைத் தேடித்தான் வருகின்றன. ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தச் சுவரோரம் காலியாகத்தான் கிடக்கிறது.

போன மாதம் ஏலகிரி போக நானும் அவளைக் கேட்டேன். உள்ளே உட்கார்ந்தபடியே என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"உன் சம்சாரத்தயும் பொண்ணயும் அனுப்பு. பத்தரமா கூட்டிக்கினு வரேன். நீ ஏறாத."

கண்ணாடியை ஏற்றிவிட்டாள். அவர்கள் இருவரும் காரில் போனார்கள். நான் வாலாஜாபாத் வரை ஒரு பேருந்து, அங்கிருந்து மூன்று பேருந்து மாறி, மத்தியானத்துக்கு மேல் ஏலகிரி போய்ச் சேர்ந்தேன்.