மாலையிலிருந்து ஒரு பிடி புல்

“வெள்ளி மாலை: பாதி வாழைப்பழம், ஒரு மோதகம். சனி காலை ஆறு மணி: புழுக்கை இல்லை. எட்டு மணி: இல்லை.” முயலுக்காக நான் வைத்திருக்கும் கொப்பியில் அப்படித்தான் எழுதியிருக்கிறது.

தொண்டைமானாற்றில் பஸ் ஏறி, யாழ்ப்பாணத்து மிருக வைத்தியரிடம் போய்க்கொண்டிருந்தேன். ஒவ்வொரு தரிப்பிலும் முயல் இருந்த கூடையைத் திறந்து பார்த்தேன். பக்கத்து இருக்கைப் பெண் பிள்ளையாருக்கு அறுகம்புல் மாலை கட்டிக்கொண்டிருந்தார். நகங்களில் பச்சை ஏறியிருந்தது. நுனி முறிந்த புல்லையெல்லாம் மடியில் ஒதுக்கினார்.

“பத்துத்தரம் பாத்திட்டீர் தம்பி. என்ன குடுத்தனீர்?”

“கோயில் மோதகம் அக்கா. பிரசாதத்தை எறியக்கூடாது எண்டு மகள் குடுத்திட்டா. இப்ப ஒண்டும் தின்னுதில்லை.”

“பிள்ளையாருக்குப் பானை மாதிரி வண்டி வயிறு இருக்கு, தாங்குவார். உது தாங்குமே? உதுக்குப் புல்லுத்தான் சாப்பாடு. பழமெண்டாலும் நகத்தளவுதான்.”

ஒதுக்கிய புல் மடியில் கிடக்க, கட்டி முடித்த மாலையிலிருந்து ஒரு பிடியை உருவிக் கூடைக்குள் நீட்டினார். முயல் மோந்துவிட்டு ஒரு நுனியைக் கடித்தது.

“எண்டாலும் டொக்டரிட்டைக் காட்டாமல் திரும்பாதையும்,” என்று சொல்லிவிட்டுப் புத்தூரில் இறங்கினார்.

வைத்தியர் மருந்து கொடுத்தார். “மாலை நான்கு மணி: ஏழு புழுக்கை” என்று எழுதினேன். அதன் கீழே ஒரு வரியை வெறுமையாக விட்டு வைத்திருக்கிறேன். அன்று பிள்ளையாருக்கு மாலை குறைவாகப் போனதா, அந்த அக்கா வேறு புல் தேடிக் கட்டினாரா என்பதை இன்னும் உறுதிசெய்ய முடியவில்லை.