நாலாவது விளி

இது நடந்தது. 1986, ஆகஸ்ட் 19, செவ்வாய்க்கிழமை. மணி, நிமிடம் எல்லாம் என்னிடம் எழுத்தில் இருக்கிறது. நான் சவுண்ட் ரெக்கார்டிஸ்ட். ஒவ்வொரு டேக்குக்கும் நேரம் எழுதி வைப்பது என் தொழில். கதை விடுவது என் தொழில் இல்லை. அதற்கு டைரக்டர்கள் இருக்கிறார்கள்.

எங்கள் டைரக்டர் பெயர் வெங்கிடாசலம். பழங்காலத்து மர்மங்களைப் பற்றி டெலிவிஷனுக்கு ஒரு தொடர் எடுத்துக்கொண்டிருந்தார். மெட்ராஸிலிருந்து மூன்று பேர் போனோம். அவர், ஒரு கேமராக்காரர், முத்துராமலிங்கம் என்கிற நான்.

போன இடம் கொச்சியின் மட்டாஞ்சேரி, கொச்சங்காடியில் ஒரு பழைய மிளகுக் கிடங்கு. அந்த வருஷ ஜூன் மழையில் கிடங்கின் உள்மூலையில் தரைக்கல் ஒன்று உள்வாங்கியது. கல்லைப் புரட்டினால் கீழே ஒரு நிலவறை. இறங்க ஒன்பது படிகள். சாமான்களைத் தூக்கிக்கொண்டு ஏறி இறங்கியதால் படிக் கணக்கு எனக்கு நன்றாகத் தெரியும். தொல்லியல்காரர் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, இந்த அறையை மூடி முன்னூறு வருஷமாவது இருக்கும், நடுவில் யாரும் திறக்கவில்லை என்று சொன்னார்.

உள்ளே சீனப் பீங்கான் சில்லுகள் கிடைத்தன. கூடவே ஒரு கொக்கியும் கிடைத்தது. மூட்டையைக் குத்தித் தூக்குகிற இரும்புக் கொக்கி, மரப்பிடி போட்டது. இன்றைக்கும் சுமைக்காரர்கள் இடுப்பில் செருகியிருப்பார்களே, அதேதான்.

முன்னூறு வருஷம் மூடிக் கிடந்த அறைக்குள் அது எப்படி வந்தது? தொல்லியல்காரர் முகம் சுளித்தார். வெங்கிடாசலத்துக்கு வாயெல்லாம் பல். காலையிலேயே கொக்கியைப் படம் எடுத்தோம். பதினொரு மணிக்குத் தொல்லியல்காரர் அதைத் துணியில் சுற்றி எர்ணாகுளத்துக்குக் கொண்டுபோய்விட்டார். இதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

விளக்குப் பிடிக்க, கேபிள் இழுக்க எங்களுக்குக் கிடைத்த ஆள் வீரபாண்டி. அதே கிடங்கில் மூட்டை தூக்குகிறவன். கம்பம் பக்கத்திலிருந்து அப்பன் காலத்தில் கொச்சிக்கு வந்த குடும்பம். அவன் பெண்டாட்டி சந்தனமாரிக்கு மாதம் நிறைந்து, எந்த நேரமும் வலி எடுக்கலாம் என்றிருந்தது. நாலு மணிக்கு விட்டுவிட வேண்டும் என்று காலையிலேயே கேட்டுக்கொண்டான். மதியம் சாயா கொண்டுவந்த சந்தனமாரியிடமும் நான்தான் வாக்குக் கொடுத்தேன். நாலு மணிக்கு உன் புருஷன் வீட்டில் இருப்பான் என்றேன்.

கடைசிக் காட்சிதான் பாக்கி. கிடங்கின் சாவிக்காரர் நாணு கதவைப் பூட்டுவது. வயது அறுபதுக்கு மேல். அதிகம் பேசாதவர்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. பூச்சி பிடிக்காமலிருக்க அவ்வப்போது கிடங்கைப் பூட்டி விஷப்புகை போடுவார்கள். மூட்டைகளுக்குப் பின்னால் எவனாவது அசந்து தூங்கினால் அவன் கதி அவ்வளவுதான். அதனால் புகை போட்டாலும் போடாவிட்டாலும், சாவிக்காரர் வாசலில் நின்று உள்ளே பார்த்து மூன்று தடவை கூப்பிட வேண்டும். அதற்கு அங்கே விளி என்று பெயர். பதில் வந்தால் பூட்டக் கூடாது. சுமைக்காரரில் ஒருவர் உள்ளே போய், கையைப் பிடித்து அந்த ஆளைக் கூட்டி வர வேண்டும். பதில் இல்லையென்றால் பூட்டு.

வெங்கிடாசலம் இதைக் கேட்டதும் துள்ளினார். தெருவின் இரண்டு முனையிலும் கயிறு கட்டச் சொல்லி, மதியத்திலிருந்தே போலீஸை நிறுத்தியிருந்தார். ஒரு சைக்கிள்கூட வராது. விளி உள்ளேயிருந்து கேட்க வேண்டும் என்பதற்காக மைக்கை நிலவறை வாயிலேயே நட்டேன். கேபிளை வாசல்வரை இழுத்து, வெளியே கூரைக்கடியில் ரெக்கார்டரோடு உட்கார்ந்தேன். ஹெட்போனை மாட்டினேன். பொடிமழை. வீரபாண்டி என் பக்கத்தில் குடை பிடித்து நின்றான்.

3.51. கேமரா ஓடியது.

"உள்ளில் ஆளுண்டோ?"

நாணுவின் குரல் உள்ளே போய்ச் சுற்றித் திரும்பியது. அருமையான சத்தம்.

"உள்ளில் ஆளுண்டோ?"

மூன்றாவது விளி. அது முடியும்போதே ஒரு லாரி ஹார்ன். நீளமாக. காதைக் கிழிக்கிற மாதிரி.

எனக்கு எரிச்சல் தலைக்கேறியது. கட் என்று கத்தினேன். ஹார்ன் விழுந்துவிட்டது, ஒன் மோர் என்றேன்.

வெங்கிடாசலம் என்னைப் பார்த்தார். எந்த ஹார்ன் என்று கேட்டார். கேமராக்காரரும் உதட்டைப் பிதுக்கினார். சவுண்டுக்காரனுக்குத்தான் காது இருக்கிறது என்று நான் முனகினேன். அப்போது நாணுவின் முகத்தைப் பார்த்தேன். வெளுத்திருந்தது. அவர் கை பூட்டை இறுக்கிப் பிடித்திருந்தது.

மறுபடி கூப்பிட மாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

"மூணு விளிதான் சாரே. நாலாமத்தெ விளி இவிடெ இல்லா."

நான் விடவில்லை. இது நாலாவது இல்லை, கெட்டுப்போன மூணாவதுக்குப் பதில்தான் என்று வக்கீல் மாதிரி வாதாடினேன். சினிமாக்காரனுக்கு ஒரு சமாச்சாரம் ஒரே ஒரு தடவைதான் நடக்கும் என்றால் புரியாது. எங்களுக்கு எல்லாமே இன்னொரு தடவை உண்டு. வெங்கிடாசலமும் சேர்ந்துகொண்டார். நாணு கண்ணை மூடிக்கொண்டு நின்றார். பிறகு வாசலுக்குத் திரும்பினார்.

மணி 3.58.

"உள்ளில் ஆளுண்டோ?"

எதிரொலி அடங்கியது. மழைச் சத்தம். மூன்று விநாடி. நாலு...

"இருக்கேன்..."

தமிழில். ஆண் குரல். மைக்குக்கு மிக அருகில். வெகுநேரம் கத்தி ஓய்ந்துபோன குரல்.

எனக்குப் பயம் வரவில்லை. அப்போது வரவில்லை. யாரோ உள்ளே மாட்டிக்கொண்டான் என்றுதான் நினைத்தேன். உள்ளே ஆள் இருக்கு, இருக்கேன் என்கிறான் என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன்.

சொன்ன பிறகுதான் எண்ணிப் பார்த்தேன். டைரக்டர், கேமராக்காரர், நாணு, வீரபாண்டி, நான். ஐந்து பேரும் வெளியே நின்றோம்.

வீரபாண்டி குடையை மடக்கினான். டார்ச்சை எடுத்தான்.

"தமிழ்லயா சொன்னாரு? அப்ப எங்க ஆளுதான் சாரே. ஞாங்கதான் போய்க் கூட்டணும்."

நாணு அவன் தோளைத் தொட்டார். வீரபாண்டி உள்ளே போய்விட்டான்.

4.00. அவன் வீட்டில் இருப்பான் என்று நான் வாக்குக் கொடுத்த நேரம்.

ஹெட்போனில் அவன் வெறுங்கால் சத்தம் கேட்டது. பத் பத் என்று மைக்கை நோக்கி வந்தது. அண்ணே, அண்ணே என்று கூப்பிட்டான். பிறகு நின்றான்.

"ஆ... வாங்கண்ணே. கையக் குடுங்க."

அப்பாடா என்று மூச்சு விட்டேன். கால் சத்தம் திரும்ப ஆரம்பித்தது. இப்போது இரண்டு ஜோடிக் கால்கள்.

ஆனால் வாசலுக்கு வரவில்லை.

படி இறங்கின.

ஒன்று. இரண்டு. மூன்று. கல்லில் கால் விழுவது தெளிவாகக் கேட்டது. ஏழு. எட்டு. ஒன்பது.

பத்து.

பதினொன்று...

பன்னிரண்டு...

அங்கே பத்தாவது படியே கிடையாது.

வீரபாண்டி என்று கத்தினேன். பதில் இல்லை. கால் சத்தமும் நின்றுவிட்டது. பிறகு வேறொன்று கேட்டது. கர்ர்... கர்ர்... கல்லை இரும்பால் சுரண்டுகிற சத்தம். இடைவிடாமல். கர்ர்... கர்ர்...

கொக்கி எர்ணாகுளத்தில் இருந்தது.

4.09. ஹெட்போனைக் கழற்றி எறிந்தேன். எனக்குத் தைரியம் வந்தது என்று நினைக்காதீர்கள். சந்தனமாரியின் முகம்தான் வந்தது. அவளுக்கு என்ன பதில் சொல்வது? தரையில் கிடந்த கேபிளைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனேன்.

இருட்டு. மிளகு நெடி இல்லை. அழுகிய மீனும் பூண்டும் கலந்த மாதிரி விஷப்புகை வாடை. தொண்டை எரிந்தது. கிடங்கில் புகை போட்டே இரண்டு மாதம் ஆகியிருந்தது.

கேபிள் கையில் நகர்ந்தது. நான் இழுக்கவில்லை.

முன்னால் கர்ர்... கர்ர்...

டார்ச் தரையில் எரிந்துகொண்டு கிடந்தது.

மைக்குக்குப் பக்கத்தில் வீரபாண்டி மண்டியிட்டிருந்தான். நிலவறை ஓரக் கல்லை வலது கை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தான். விரலெல்லாம் ரத்தம். இடது கை பின்னால் நீண்டிருந்தது. எதையோ பிடித்திருக்கிற மாதிரி.

அந்தப் பக்கம் நான் பார்க்கவில்லை.

சத்தியமாகப் பார்க்கவில்லை.

வலது கையைப் பிடித்து இழுத்தேன்.

எழுந்து வந்தான். ஆனால் கனம்...

ஒரு ஆள் கனம் இல்லை அது.

இழுத்தேன்...

வெளியே வந்து விழுந்தபோது 4.21. வீரபாண்டி மூச்சு வாங்கினான். கண் தெளிந்ததும் என் தோளுக்குப் பின்னால் தேடினான்.

"அண்ணன் எங்க சாரே? எங் கையப் பிடிச்சுதானே வந்தாரு."

நான் நாணுவைப் பார்த்தேன். அவர் கதவை மூடாமல் நின்றிருந்தார். வாசலை விட்டு ஓரடி ஒதுங்கி, தலை குனிந்து, ஒரு ஆள் போக வழிவிடுகிற மாதிரி நின்றார். அதற்குப் பிறகுதான் பூட்டினார். விளிக்கவில்லை.

வீரபாண்டியை நானே வீட்டில் கொண்டுபோய் விட்டேன். மறுநாள் விடியற்காலை அவனுக்குப் பெண் குழந்தை. நாங்கள் மெட்ராஸுக்கு ரயில் ஏறினோம்.

மூன்று வாரம் கழித்து அவனிடமிருந்து கடிதம் வந்தது. தமிழ் எழுத வராது என்பதால் மலையாளத்தில் எழுதியிருந்தான். ஆபீஸில் ஒரு பெண் படித்துச் சொன்னாள்.

நாணு வேலையை விட்டுவிட்டாராம். போகும் முன் சுமைக்காரர்களை உட்கார வைத்து ஒரு விஷயத்தைச் சொன்னாராம். 1963-ல் தங்கையா என்று ஒரு தமிழ்ச் சுமைக்காரர் அந்தக் கிடங்குக்குள் புகையில் செத்துப்போனார். அன்றைக்குப் பூட்டியது நாணுதான். மூன்று தடவை விளித்தார். மூன்றாவது விளியின்போது தெருவில் ஒரு லாரி ஹார்ன் அடித்தது. அதற்கடியில் ஏதோ குரல் கேட்ட மாதிரி இருந்தது. இன்னொரு தடவை கூப்பிடலாமா என்று யோசித்தார். வழக்கம் மூணுதானே என்று பூட்டிவிட்டார். மறுநாள் காலையில் தங்கையா உள்மூலையில் கவிழ்ந்து கிடந்தார். மூச்சுக்காகத் தரைக்கல்லின் இடுக்கைச் சுரண்டிக் கிளறியிருந்தார். அவருடைய கொக்கி மட்டும் எங்கே தேடியும் கிடைக்கவில்லை.

அது அந்த இடுக்கு வழியாகக் கீழே விழுந்திருக்கிறது. ஒரு கல்லுக்குக் கீழே காற்றோடு அறை இருந்தது அவருக்குத் தெரியாது.

கடிதம் வந்த அன்று சாயங்காலம் ஸ்டூடியோவில் அந்த டேப்பைப் போட்டேன். நாலாவது விளியை ஓடவிட்டேன். மழைச் சத்தம் மட்டும். பதில் இல்லை. இருக்கேன் என்கிற குரலே அங்கே இல்லை.

பின்னால் ஓட்டி முதல் டேக்கைப் போட்டேன். ஒன்றாவது விளி. இரண்டாவது. மூன்றாவது.

ஹார்ன் இல்லை.

லாரி இல்லை. எதுவும் இல்லை. சுத்தமான சத்தம். அந்த அமைதியில், மைக்குக்கு அருகில், "இருக்கேன்" என்று ஒரு ஆள் சொல்கிறார். உடனே இன்னொரு தடவை சொல்லத் தொடங்குகிறார். "இருக்..." என்பதோடு நிற்கிறது. அதன் மேல் தூரத்திலிருந்து எரிச்சலோடு ஒரு குரல் விழுகிறது.

"கட். ஹார்ன் விழுந்திருச்சு."

என் குரல்.