கையுறைக்குள் பஞ்சு

பிராங்பேர்ட் ரயில் நிலையம். ஞாயிறுதோறும் ஸ்பானியத் தொழிலாளர்கள் இங்கே கூடி, ஊருக்குப் போகும் ரயிலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். என் பெஞ்சில் இருக்கும் மானுவேல் மட்டும் ஆங்கிலப் பாடப் புத்தகத்தை விட்டுத் தலை நிமிர்த்தவில்லை. கனடாவில் குடியேற நாளை அவருக்கு நேர்காணல். நான் இந்தியன் என்றதும், ஆங்கிலம் தெரிந்திருக்கும் என்று புத்தகத்தை நீட்டுகிறார்.

"கேள்வி கேளுங்க, சென்யோர். தப்புன்னா திருத்துங்க."

உடல் உறுப்புகள் பாடம்.

"உங்கள் கைகளில் எத்தனை விரல்கள்?"

"பத்து."

என் கையிலிருக்கும் புத்தகத்தில் அடுத்த பக்கத்தைப் புரட்டிக் காட்டுவதற்காக இடது கையுறையைக் கழற்றுகிறார். கையில் இரண்டே விரல்கள். மடியில் கிடக்கும் கையுறையில் மற்ற மூன்றும் பஞ்சு அடைத்து விறைத்து நிற்கின்றன.

"ஃபாக்டரி மெஷின்," என்கிறார். "நாளைக்கு இதைக் கழட்ட மாட்டேன். பத்துன்னு சரியாச் சொன்னேனா?"

சரி என்கிறேன். கையுறையை எடுத்து அவரிடம் நீட்டுகிறேன்.