கையெழுத்தில்லாத சம்மதம்

வெள்ளிக்கிழமை காலை பதினொன்றே கால் மணிக்குச் செய்தி வந்தது. காரைக்குடி தாலுகா அலுவலகத்துக்கு எதிரே உள்ள தன் ஜெராக்ஸ் கடையில் ஆசியா பீவி நின்றிருந்தாள். அரியக்குடிக்காரர் ஒருவரின் பட்டா நகல் மெஷினிலிருந்து பாதி வெளியே வந்திருந்தது. வளைகுடாவில் கட்டட வேலை பார்த்த மகன் நியாஸ் இறந்துவிட்டான் என்று அவனுடைய அறைத்தோழன் போனில் அழுதான். எப்படி என்று கேட்டாள். அவனுக்குத் தெரியவில்லை. மூன்றாம் நாள் அங்கேயே அடக்கமும் முடிந்துவிட்டது.

எப்படிச் செத்தான் என்று கேட்டு எழுதிக்கொண்டே இருந்தாள். நாலு மாதம் கழித்துத் தூதரகம் வழியாகப் பதில் வந்தது. முதலீட்டுக் கூட்டத்துக்கு அங்கே போயிருந்த மாநில அதிகாரி ஒருவர், ‘குடும்பத்தின் சம்மதத்தோடு’ விசாரணை வேண்டாம் என்று அந்த நாட்டு அமைச்சகத்துக்கு எழுதிக் கொடுத்திருந்தார். டில்லியில் வெளியுறவு அமைச்சகத்துக்கு எழுதிக் கேட்டாள். அப்படிப் பேச அவருக்கு நாங்கள் அதிகாரம் எதுவும் தரவில்லை என்று ஒரே வரியில் பதில் வந்தது.

நகலெடுக்க வரும் மனுக்களில் கையெழுத்தில்லாதவற்றை, போட்டுக்கொண்டு வாருங்கள் என்று பத்து வருஷமாகத் திருப்பிக் கொடுத்தவள் அவள். அந்த அதிகாரியின் கடிதத்தை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தாள். குடும்பத்தில் யாருடைய கையெழுத்தும் அதில் இல்லை.

வழக்குப் போடப் போகிறாள் என்றதும் அண்ணன் பீர் முகம்மது கடைக்கே வந்துவிட்டார்.

“ரெண்டு நாட்டுக்காரங்க பேசுன பேச்சு. நடுவுல நீ யாரு, ஐ.நா. சபையா? மெஷினுக்கு மை போடுற வேலையப் பாரு.”

“என் பேரச் சொல்லித்தானண்ணே பேசியிருக்காக? அப்ப நானும் பேசுவேன். நீங்க டீயக் குடிங்க, ஆறுது.”

வக்கீல் தேவிகாவும் முதலில் தயங்கினாள். “அக்கா, அதிகாரமில்லாம வெளிநாட்டோட பேசிட்டாருன்னு யாரு வேணும்னாலும் கேஸ் போட முடியாது. உங்களுக்கென்ன நஷ்டம்னு கேட்டுத் தூக்கி எறிஞ்சிருவாக.”

“எனக்கென்ன நஷ்டமா?”

“கோவப்படாதீக. அதத்தான் அங்க சொல்லணும்.”

மதுரை உயர்நீதிமன்றக் கிளையில் அரசு வக்கீல் அதையேதான் சொன்னார். அயல்நாட்டோடு யார் பேசலாம் என்பது அரசுகளின் விஷயம், தனியொருவர் கேள்வி கேட்க இடமில்லை. நீதிபதி நிமிர்ந்து ஆசியா பீவியைப் பார்த்தார். “நீங்க ஏதாவது சொல்லணுமாம்மா?”

“ஐயா, எங்க பள்ளிவாசல்ல இறந்தவுகளுக்கு ஜனாஸா தொழ வைக்கிறதுக்கு முன்னாடி, தொழுகை நடத்துற ஹஜ்ரத்தே குடும்பத்துக்கிட்ட அனுமதி கேப்பாக. அவுகளே கேக்குறாக. இந்த ஆபீசரு யாரக் கேட்டாரு? அவரு எந்த நாட்டோடயும் பேசட்டும், எனக்கு அதுல வேலையில்ல. என் சம்மதம்னு எழுதியிருக்காரே, அத நான் யாருக்கிட்டயும் கொடுத்து விடல. திருப்பிக் கேக்க வந்திருக்கேன்.”

மனுவைத் தள்ள நீதிபதி மறுத்துவிட்டார். அவளுக்கு வழக்குத் தொடர உரிமை உண்டா என்பதையும் சேர்த்தே விசாரிப்பதாகச் சொல்லி, அந்த அதிகாரிக்கு நோட்டீஸ் அனுப்ப உத்தரவிட்டார்.

வெளியே வந்ததும் தேவிகா சொன்னாள்: “ஜெயிச்சிட்டதா நினைச்சிராதீக.”

“தள்ளலைல்ல? இனி அவுக பதில் சொல்லட்டும்.”

மறுநாள் காலை எட்டரைக்குக் கடையைத் திறந்தாள். தூதரகம் அனுப்பிய நியாஸின் இறப்புப் பதிவுப் படிவம் மெஷினுக்குப் பக்கத்து இழுப்பறையில் இருக்கிறது. பெயர், தகப்பன் பெயர், பிறந்த தேதி எல்லாம் அவள் கையாலேயே நிரப்பியாயிற்று. இறப்புக்கான காரணம் என்ற கட்டத்தில் மட்டும் இன்னும் எதுவும் எழுதவில்லை.