ஊட்டோட பாக்கலாமா?

எங்கள் வீட்டில் எந்தப் படமும் நான் பார்த்துப் பாஸ் செய்த பிறகுதான் குடும்பத்துக்குக் காட்டப்படும். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு லேத் கம்பெனியில் எனக்கு இன்ஸ்பெக்‌ஷன் வேலை. ஷிஃப்ட் முழுக்க அளவு சரியில்லாத உருப்படியைத் தள்ளி வைக்கிறவன், சினிமாவை மட்டும் சும்மா விடுவேனா? நைட் ஷிஃப்ட் முடிகிற வெள்ளிக்கிழமைகளில் நேராக ஆவடிக்குப் போய்க் காலைக் காட்சி பார்த்துவிடுவேன். முத்தம், ரத்தம், அசிங்கமான பாட்டு, சரக்கு பாட்டில். இந்த நாலும் இல்லையென்றால் ஞாயிறு மேட்னிக்கு நாலு டிக்கெட். கொஞ்சம்போல இருந்தால் பரவாயில்லை. அது வருவதற்கு இரண்டு நிமிடம் முன்பே என் பெண்கள் இருவரையும் பாப்கார்ன் வாங்கக் கிளப்பிக்கொண்டு போய்விடுவேன்.

தெருவிலும் இது பரவிவிட்டது. "அண்ணாத்தே, ஊட்டோட பாக்கலாமா?" என்று போன் வரும். "தாராளமா பாரு" என்பேன். அப்படி யாராவது கேட்டுவிட்டால் அன்றைக்கு முழுக்க எனக்குத் தலைகால் புரியாது.

போன வருடம் அப்படி நான் முழு மார்க் போட்ட படம் ஒன்று. அப்பா, அம்மா, மூன்று பிள்ளைகள், வீடு முழுக்கக் கலாட்டா. என் நாலு அயிட்டத்தில் ஒன்றுகூட இல்லை. அந்த ஞாயிறு சொந்தத்தில் ஒரு கல்யாணம் வந்துவிட்டதால் போக முடியவில்லை. திங்கட்கிழமை என் மனைவி, மார்பில் ஒரு கட்டி தட்டுப்படுகிறது என்றாள். எனக்குச் சோறு போட்டுக்கொண்டே சொன்னாள். மறுநாளே ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஊசி வைத்துக் கொஞ்சம் சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். ரிப்போர்ட் அடுத்த திங்கள் வரும் என்றார்கள்.

அந்த ஒரு வாரம் அவள் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. எங்களுடையது ஒரு ஹாலும் ஒரு ரூமும். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு பெண் புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பாள். பெரியவள் ஒன்பதாவது, சின்னவள் ஐந்தாவது. அவர்களுக்கு நாங்கள் எதுவும் சொல்லவில்லை. இட்லி வெந்தது, துணி காய்ந்தது, எல்லாம் வழக்கம்போலத்தான். அவளிடம் பேச்செடுக்கத் தைரியம் வரவில்லை. எனக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் சினிமா. பாஸான படம்தான் கையில் இருக்கிறதே என்று ஞாயிறு மேட்னிக்கு டிக்கெட் போட்டேன்.

முதல் பாதி நன்றாகத்தான் போனது. சின்னவளுக்குச் சிரித்துச் சிரித்து விக்கல் எடுத்தது. இடைவேளைக்கு விளக்கு எரிந்தபோதுதான் எனக்கு உறைத்தது. இரண்டாம் பாதியில் அந்த அம்மாவுக்கு நோய் வருகிறது. முடி கொட்டுகிறது. ஒன்பது நாள் முன்புதான் பார்த்தேன், ஆனால் தள்ளி வைக்கவேண்டிய விஷயமாக அது எனக்குத் தோன்றவே இல்லை. என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

பெண்கள் பஃப்ஸ் வாங்கப் போயிருந்தார்கள்.

"தலைய வலிக்குது. ஊட்டுக்குப் போய்டலாமா?" என்றேன்.

"இன்னாத்துக்கு? அப்புறம் இன்னா வருது?" என்றாள் என் மனைவி. பத்து வருடமாக என் பாப்கார்ன் வேலையைப் பார்க்கிறவள். அவளிடம் மறைக்க முடியவில்லை.

"அந்த அம்மாவுக்கு ஒடம்பு முடியாம பூடுது."

"இன்னா ஒடம்புக்கு?"

நான் சொல்வதற்குள் அவளுக்கே புரிந்துவிட்டது.

"பொழைக்குதா?"

"இல்ல."

அவள் திரையைப் பார்த்தாள். அதில் ஏதோ நகைக்கடை விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. "சரி, ஒக்காரு. பாத்துட்டே போலாம்" என்றாள்.

அந்தக் கட்டம் வந்தபோது தியேட்டரே மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தது. என் மனைவி தோள் குலுங்க வாய்விட்டு அழுதாள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அவரவர் அழுகை அவரவருக்கு. பெரியவள் தன் துப்பட்டாவை நீட்டினாள். சின்னவள் அம்மாவின் முழங்கையைப் பிடித்து ஆட்டி, "படந்தாம்மா, அழாத" என்றாள்.

"ஆமாண்டி கண்ணு, படந்தான்" என்று சொல்லிவிட்டு இன்னும் அழுதாள்.

மறுநாள் ரிப்போர்ட்டில் வெறும் கொழுப்புக் கட்டி என்று வந்தது. ஆனால் அந்த மதியம் அது எங்களுக்குத் தெரியாது. அவள் அழுகிற அழுகையைப் பார்த்து எனக்குப் பயம் வந்துவிட்டது. கையைப் பிடித்து, "வா, வெளிய போலாம்" என்றேன். அவள் எழுந்திருக்கவில்லை. என் காதோரம் குனிந்தாள்.

"உடுய்யா. லைட்டு போட்றதுக்குள்ள அழுதுக்கிறேன்."